இருந்துகொண்டு வாசித்த எங்கள் அண்ணை

இந்தக் கல்வெட்டை, இந்த நினைவுப் புத்தகத்தை, கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அண்ணையின் படத்துக்குக் கீழே ஒரு பட்டமும் இல்லையே என்று அச்சகத்தாரைக் குறை சொல்லவேண்டாம். போடவேண்டாம் என்று சொன்னது நான்தான். 'அடிபணியா இசைவேந்தன்' என்று கனடாவிலிருந்து ஒரு பட்டம் எழுதி வந்தது. 'எழ மறுத்த தமிழன்' என்று இன்னொன்றும் வந்தது. இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று கொடுக்கும் கல்வெட்டில் கோபம் கூடாது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் கோபத்தை எடுத்துவிட்டு எழுதினால் மிஞ்சுவது பொய்யாகத்தான் இருக்கும், அண்ணையைப் பற்றி ஏற்கனவே போதுமான பொய் சொல்லியாகிவிட்டது.

அண்ணை மயிலிட்டியில், கடலோடிய குடும்பம் ஒன்றில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் மூன்று தங்கைமார். நான் கடைசி. தகப்பனார் காலமானபோது அண்ணைக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. வள்ளத்தில் போய்ப் பிழைக்க முடியாது என்று கண்டதும் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போனார். ஊரைவிட்டு நாங்கள் உடுத்த உடுப்போடு ஓடிய காலத்தில் அவர் எங்கேயோ ஒரு சமுத்திரத்தின் நடுவில் இருந்தார். வீடு இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது என்ற செய்தி பல மாதம் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்தது. அளவெட்டியில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கி, பிறகு சாவகச்சேரிக்கு வந்து சேர்ந்த எங்களை அவருடைய உழைப்புத்தான் காப்பாற்றியது. மூன்று பேருக்கும் கலியாணம் செய்துவைத்தார். தான் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு ஆர் பொம்பிளை தருவினம், வருசத்திலை பத்து மாதம் தண்ணிக்குள்ளை நிக்கிறவனுக்கு" என்று சிரிப்பார்.

அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகி நின்றபோதுதான் அந்த வாத்தியம் அவருக்குக் கிடைத்தது. பழைய பொருட்கள் விற்கும் கடையில் கண்டு வாங்கினாராம். பெடல் ஸ்டீல் கிற்றார். பெயரைக் கேட்டுவிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் கிற்றாரை நினைக்கவேண்டாம், எல்லாக் குழப்பமும் அந்த நினைப்பில்தான் தொடங்கியது. இது நாலு காலில் நிற்கும் ஒரு சின்ன மேசை. மேலே பத்துத் தந்தி படுத்திருக்கும். இடக்கையில் ஓர் இரும்புக்கட்டையைத் தந்தியின்மேல் வழுக்கவேண்டும், வலக்கை விரல்களால் மீட்டவேண்டும். இடக்கால் பெடல்களில், வலக்கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில். இரண்டு முழங்காலும் சும்மா இல்லை, மேசைக்குக் கீழே தொங்கும் லீவர்களைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தையல் மெசினில் கதிரை போட்டு இருந்து தைப்பதுபோலத்தான். எழும்பி நின்று தையல் மெசின் மிதிக்கிற ஒருவரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

கப்பலில் பல நாட்டு ஆட்கள். மாதக்கணக்கில் வீட்டைக் காணாதவர்கள். ஆளுக்கு ஆள் தங்கள் நாட்டுப் பாட்டை அண்ணைக்கு வாயால் பாடிக் காட்டி, வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களாம். அந்த வாத்தியத்தில் சுரம் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும்போது வாட்டசாட்டமான ஆம்பிளைகள் கண்ணைத் துடைப்பார்கள் என்று அண்ணை சொல்வார். அப்படித்தான் தேசப்பற்றுப் பாடல்கள் அவர் கையில் ஏறின. தனக்குத் தெரியாத நாடுகளின் கீதம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். "உன்ரை நாட்டுப் பாட்டு எது எண்டு கேட்டால் மட்டும் எனக்கு மறுமொழி வாறதில்லை. இலங்கைக் கீதம், இயக்கப் பாட்டு ரெண்டையும் வாசிச்சுவிடுவன்" என்பார்.

யுத்தநிறுத்தக் காலத்தில் பாதை திறந்தபோது அண்ணை கப்பல் வேலையை விட்டு வாத்தியத்தோடு வீடு வந்தார். ஓமந்தையில் இராணுவம் பெட்டியைத் திறந்து, கம்பிகளையும் பெடல்களையும் கண்டு, இது என்ன ஆயுதம் என்று கேட்டது. முகமாலையில் மற்றப் பக்கத்தினர், இயக்கத்துப் பெடியள், அதையே கேட்டார்கள். கிற்றார் என்று அண்ணை சொல்ல, "கிற்றார் எண்டால் ஏன் கால் இருக்கு?" என்றாராம் ஒருவர். அண்ணை வாசிக்கப்போய் இந்தக் கதையைச் சொல்லாத கலியாணவீடு தென்மராட்சியில் இல்லை.

அந்தக் காலத்தில் இயக்கத்தின் எழுச்சி விழா ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொடி ஏற்றும்போது அண்ணை வாசித்தார். கதிரையில் இருந்துகொண்டுதான் வாசித்தார். எல்லோரும் நிற்க நீங்கள் மட்டும் ஏன் இருந்தீர்கள் என்று அங்கே ஒரு பொறுப்பாளர் கேட்டார். அண்ணை அவரைக் கதிரையில் இருத்தி, காலைப் பெடலில் வைக்கச்சொல்லிக் காட்டினார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். அண்ணையை எழ மறுத்த வீரன் ஆக்குகிறவர்கள் கவனமாக வாசிக்கவேண்டும். அவர் உங்கள் கொடிக்கும் எழும்பவில்லை.

இனி, யுத்தம் முடிந்தபிறகு நடந்த அந்த அரச விழாவுக்கு வருகிறேன். சுதந்திர தினம், ஒரு மைதானம். தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவதா சிங்களத்தில் பாடுவதா என்று ஏற்பாட்டாளர்கள் கிழமைக்கணக்கில் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழில் பாடினால் மேலிடத்துக்கு என்ன சொல்வது, சிங்களத்தில் பாடினால் ஊருக்கு என்ன சொல்வது. கடைசியில் ஓர் அதிகாரிக்கு மூளை வேலை செய்தது. சொல்லே இல்லாமல் வாத்தியத்தில் வாசித்துவிட்டால் எந்த மொழி என்ற கேள்வியே வராதே. அண்ணையைத் தேடி வீட்டுக்கு வந்தார். பால்தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "ஐயா, உங்கடை வாத்தியத்துக்கு வாய் இல்லை, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றார். வாய் இல்லாத வாத்தியத்துக்கு நாலு காலும் ஒரு கதிரையும் வேண்டும் என்பதை அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. அண்ணை சொன்னார். நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். "நான் இருந்துதான் வாசிக்கோணும், பரவாயில்லையோ?" என்று. "அதெல்லாம் ஒண்டுமில்லை ஐயா" என்றுவிட்டுப் போனார். பிறகு விசாரணை வந்தபோது, தனக்கு அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை என்றார்.

விழாவில் எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். அண்ணை இருந்து வாசித்தார். யாரோ கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்தார்கள். அந்தக் காணொளி எங்கள் பெரியம்மாவின் கடைசி மகனிடம் போய்ச் சேர்ந்தது. கனடாவில் இருக்கும் அவர் எனக்குத் தம்பி முறை. அவர் அதில் அண்ணை வாசித்த சத்தத்தை எடுத்துவிட்டு ஓர் எழுச்சிப் பாடலைப் போட்டு, 'எழ மறுத்த தமிழன்' என்று தலைப்பும் வைத்து உலகம் முழுக்க அனுப்பினார். நிற்கிற கூட்டம், இருக்கிற அண்ணை, பின்னால் வேறு யாரோ பாடும் பாட்டு. ஐரோப்பாவிலிருந்தெல்லாம் வாழ்த்து வந்தது. இலங்கையின் தெற்கிலிருந்து வசைகள் வந்தன. அங்கே குளிருக்குள் இருந்து வீரம் விளைக்கலாம். இங்கே வீட்டு வாசல் படலையில் வந்து நின்றது விசாரணைக்காரர்கள்.

வாத்தியத்தையும் கொண்டு வரச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். அயலில் ஓட்டோ ஓட்டும் ஜெகன்தான் ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். அண்ணை பெட்டியைத் திறந்து, காலைப் பூட்டி, கதிரையில் இருந்து, பெடலையும் லீவரையும் ஒவ்வொன்றாகக் காட்டி விளங்கப்படுத்தினார். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

"ஐயா, எழும்பி நிண்டு வாசிக்கட்டாம்."

"தம்பி, ஏலாது. இப்பதானே காட்டினனான்."

"ஒருக்கா நிண்டு காட்டட்டாம்."

அண்ணை எழும்பினார். முதுகு நோவோடு, மேசைக்கு மேலே வளைந்துகொண்டு, ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் பெடலைத் தேடினார். முழங்கால் லீவருக்கு எட்டவில்லை. இரும்புக்கட்டை தந்தியில் வழுக்கி ஒரு கேவலமான சத்தம் வந்தது. அங்கே நின்ற ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கப்பல் கப்பலாக ஆட்களை அழவைத்த கையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி எனக்குத் தேவாரம் படித்துக் காட்டவும் வேண்டாம்.

விளக்கம் ஒன்று பத்திரிகையில் வந்தால் விசாரணைக் கோவையை மூடலாம் என்றார்கள். அண்ணை கொடுத்தார். அவமதிக்கும் எண்ணம் தனக்கு இருக்கவில்லை, வாத்தியம் அப்படி என்பதுதான் அவர் சொன்னதெல்லாம். எல்லாம் உண்மை. அதற்குப் பிறகு கனடாத் தம்பி காணொளியை எடுத்துவிட்டு, அண்ணை விலைபோய்விட்டார் என்று எழுதினார். வாழ்த்தியவர்கள் எல்லோரும் ஒரே இரவில் காறித் துப்பினார்கள். ஊரில் பதிந்துவைத்த கலியாணவீடுகள் ஒவ்வொன்றாக வேறு இசைக்குழுவுக்குப் போயின. கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரலிலும் அவருடைய பெயரை எடுத்துவிட்டார்கள். கேட்டால், "பிரச்சினையள் வேண்டாம் எண்டுதான் அக்கா" என்றார்கள். அண்ணை ஒருவரையும் திட்டவில்லை. வாத்தியத்தைத் துணியால் மூடிவைத்தார். அவர் திட்டாததை எல்லாம் நான்தான் இப்போது திட்டித் தீர்க்கிறேன்.

பிறகு நெஞ்சுநோ வந்தது. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருநாள் பின்னேரம் அவரை நான் நேரே கேட்டேன். ஊர் கதைக்கிற கதையில் எனக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. எழும்ப ஏலாமல் இருந்தனீங்களோ, எழும்ப மனமில்லாமல் இருந்தனீங்களோ?"

அண்ணை என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"பிள்ளை, அந்த மெட்டிலை மேலை ஏறுற இடம் ஒண்டு இருக்கு. அதிலை பெடலை மிதிச்சுக்கொண்டு முழங்காலாலையும் தட்டோணும். கப்பலிலை எத்தினையோ தரம் வாசிச்சும் எனக்கு அது பிடிபடேல்லை. அண்டைக்கு நான் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். ஆர் நிக்கினம், ஆர் இருக்கினம் எண்டு பாக்கேல்லை."

"வந்ததோ?"

"வந்தது. வடிவா வந்தது."

"உங்களுக்கு அந்த மெட்டுப் பிடிக்குமோ அண்ணை?"

"ஓம். பள்ளிக்குடத்திலை நாங்கள் தமிழிலை பாடினதுதானே. மற்றப் பாட்டுகளும் பிடிக்கும். பிடிக்கிறதுக்கு நான் என்ன செய்ய?"

இரண்டு நாளில் அண்ணை போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களை வா என்றும் கேட்பதில்லை, போ என்றும் சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம். அன்று கொடியோடு ஒரு கூட்டம் படலையில் வந்து நின்றது, சவப்பெட்டியின்மேல் போர்த்தவேண்டுமாம். விலைபோனவர் செத்த உடனே திரும்பவும் வீரன் ஆகிவிட்டார். அவர்களுக்குப் பின்னால், மலர்வளையத்தோடு, பால்தேத்தண்ணி குடித்த அந்த அதிகாரியும் நின்றார். வழக்கத்தை மீறி நான் சொன்னேன், "போங்கோ" என்று. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். கொடியையும் வளையத்தையும் படலைக்கு வெளியே வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தவர்களைத் தடுக்கவில்லை. அப்படி வந்தவர்கள் வெகு சிலர்.

போன கிழமை கனடாத் தம்பி தொலைபேசி எடுத்தார். இந்தக் கட்டுரையை அவருக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன்.

"அக்கா, அந்த மெட்டுப் பிடிக்கும் எண்ட வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ. மற்றதெல்லாம் கிடக்கட்டும். சனம் என்ன நினைக்கும்?"

"தம்பி, நீ அண்டைக்கு அண்ணையின்ரை சத்தத்தை எடுத்தனி. இண்டைக்கு அவற்றை கதையையும் எடுக்கச் சொல்லுறாய். நான் எடுக்கமாட்டன்."

வரி அப்படியே இருக்கிறது. வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணையின் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதியருக்கும், அவரையும் வாத்தியத்தையும் ஒருநாளும் முகம் சுளிக்காமல் ஏற்றி இறக்கிய ஜெகனுக்கும், சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிடவைத்த அயலவருக்கும், மயிலிட்டியிலிருந்து வந்து தோள்கொடுத்த உறவினருக்கும், கீரிமலையில் கிரியைகளைச் செய்துவைத்தவர்களுக்கும், எனது கிறுக்கல் எழுத்தை அச்சேற்றித் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்கம் விசாரித்துவிட்டுப் பேசாமல் இருந்து போனவர்களுக்குத் தனியாக நன்றி, அந்த நேரத்தில் எங்களுக்கு அதுதான் தேவையாக இருந்தது.

அன்று நான் மைதானத்துக்குப் போகவில்லை. அண்ணை வாசித்த சத்தமுள்ள பிரதி ஒன்றாவது கிடைக்குமா என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டேன், இல்லை என்கிறார்கள். உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், கேட்டவர் ஒருவரும் இல்லை. அங்கே விறைப்பாக நின்ற அத்தனை பேரில், மெட்டு மேலே ஏறும் அந்த இடம் வடிவாக வந்ததைக் காதால் கேட்டவர் ஒருவராவது இருந்தால், அவருக்கும் எங்கள் நன்றி. அவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து எனக்கு ஒருக்கால் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
அண்ணையின் கடைசித் தங்கை,
சாவகச்சேரி.