துணிக்கடை பொம்மைக்கு மாரடிச்ச கதை

இந்த ஜில்லாவுலயே மொத மொதல்ல லைவ் போட்டவன் நான்தான். மந்திரிமாருக்கே என் சேனலப் பாத்துத்தான் கரிசக்காட்டுல என்ன நடக்குதுன்னு தெரியும்.

பொய்தான். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துட்டு. என் சேனலப் பாக்குதது எங்க அக்கா, அக்கா மக, துபாய்ல கெடக்குற எங்கூருப் பயலுவ, பெறவு நான். நான் திரும்பத் திரும்பப் பாப்பேன், அப்பத்தான கணக்கு ஏறும்.

இதக்கூட நான் எழுதலய்யா. நாலாப்புக்கு மேல எந்தப் பள்ளிக்கொடமும் என்னையத் தாங்கல. சமையலுக்குப் போட்ட ஆக்குப்புரையில மழைக்கு ஒதுங்கி நின்னு போன்ல பேசுதேன், அதுவே எழுதிக்கிடுது. தப்பு இருந்தா போன ஏசுங்க.

எனக்கு எதிராளி ஒருத்தர் உண்டு. பேப்பர் அண்ணாச்சி. காலையில பஸ்ஸுல வார பேப்பர்க் கட்ட எறக்கி மொபட்ல ஊரூராப் போடுததும் அவருதான், அதே பேப்பருக்கு எங்க பக்கத்துச் செய்திய அனுப்புததும் அவருதான். சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பேனா வச்சிருப்பாரு. ஒண்ணு எழுதாது. டீக்கடையில அவரக் கண்டா என் வாயி சும்மா இருக்காது.

"என்ன அண்ணாச்சி, நேத்து வடைய இன்னைக்கு விக்கீயளா? நாகலாபுரத்துல லாரி கவுந்தத நான் நேத்து மத்தியானமே போட்டாச்சுல்லா."

"போட்டல, போட்ட. லாரி நெறைய வெங்காயம்னு போட்ட. அது மொளகா வத்தல். டிரைவருக்குக் கால் போச்சுன்ன. அந்தா, ரெண்டு காலோட நின்னு டீ குடிக்காரு பாரு."

கடையே சிரிச்சிச்சு. டிரைவரும் சிரிச்சாரு. நான் மட்டும் மொறைச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? நானும் சிரிச்சேன்.

இந்த வருசம் ஐப்பசி பாதி போயும் மழையக் காணும். எங்களுது வானம் பாத்த பூமி. புழுதியிலயே உளுந்தையும் மக்காச்சோளத்தையும் வெதச்சுட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருப்போம். வெதையப் புறா பொறுக்குது, மிச்சத்த எறும்பு இழுத்துட்டுப் போவுது. ஊரு கூடிப் பேசி, கொடும்பாவி கட்டி இழுத்துருவோம்னு முடிவு பண்ணுனாவ.

தெரியாதவியளுக்குச் சொல்லுதேன். கம்பு அறுத்த காஞ்ச தட்டையில ஒரு பொம்பள உருவம் செஞ்சு, சேலை உடுத்தி, கயித்தக் கட்டித் தெருத்தெருவா இழுப்போம். இந்தக் கொடும்பாவி செஞ்ச பாவத்துலதான் மழை நின்னு போச்சுன்னு ஒரு கணக்கு. எழவு வீடு மாதிரியே ஊருப் பொம்பளையள்லாம் மாரடிச்சு அழுவாவ. கடைசியில சுடுகாட்டுல கொண்டுபோயி எரிச்சிருவோம். இவ்வளவு பேரு அழுததப் பாத்து வானமும் அழுதுரும்னு ஒரு நம்பிக்கை.

ஆனா தட்டைக்கு எங்க போக? மாட்டுக்கே இல்ல. அப்பத்தான் நம்ம மூளை வேலை செஞ்சிச்சு. கோவில்பட்டியில ஒரு ஜவுளிக்கடையில வேலை பாக்குற என் கூட்டாளி, ஒரு கை இல்லாத பொம்மை மாடியில சும்மா கெடக்குன்னு சொல்லியிருந்தான். சேலை உடுத்தி வாசல்ல நிறுத்தி வப்பாவல்ல, அந்தப் பொம்மை. பத்தரமாத் திருப்பித் தாரேன்னு சொல்லி வாங்கி, தோள்ல சாச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறுனேன். கண்டக்டர் அவளுக்கும் டிக்கெட் கேட்டான். எங்க அக்கா தன்னோட பழைய சேலை ஒண்ண உடுத்திவிட்டா. பொம்மைக்கு நகத்துல செவப்புச் சாயம் வேற.

கயித்தப் பிடிச்சு முன்னால இழுத்தது எங்க அத்தான், அக்கா வீட்டுக்காரரு. ஆளப் பாத்தா அய்யனார் சாமி மாதிரி மீசை. ஒரு கோழிய அறுக்கச் சொன்னா பக்கத்து வீட்டு ஆளக் கூப்புடுவாரு.

நான் லைவ் போட்டேன். ஆரம்பத்துலயே 'மழைக்காக கொடும்பாவி இழுக்கோம், இது பொம்மை'ன்னு சொல்லித்தான் போட்டேன். கடைசியில பொம்மை தலையத் தட்டிக்கூடக் காட்டுனேன், டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு. எவனோ ஒரு புண்ணியவான் தலையையும் வாலையும் நறுக்கிட்டு, நடுத்துண்ட மட்டும் எடுத்து, சோகமா மியூசிக்கப் போட்டு, 'பெண்ணின் உடலைத் தெருவில் இழுத்துச் செல்லும் கொடூரம்'னு விட்டுட்டான். எனக்கு வராத கூட்டம் பூராம் அவனுக்கு வருது. அதுல எங்க அத்தான் மீசை பளிச்சுன்னு தெரியுது. பின்னால எங்க அக்கா மாருல அடிச்சு அழுவுதா. சேலைக்கு வெளிய செவப்பு நகத்தோட ஒரு கை ரோட்டுல தேய்ஞ்சுக்கிட்டே போவுது. பொம்மையத் தூக்கிட்டு வந்த எனக்கே பகீர்னுச்சு.

வினை எங்கன வந்துச்சுன்னா, எங்க அக்கா மகளுக்குக் குளத்தூர்ல மாப்ள பேசி முடிச்சிருந்தோம். கார்த்திகையில கல்யாணம். பையனுக்கு உப்பளத்துல வேலை. பிள்ளைக்கும் பையன ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மறுநாளு சாயந்தரம் பையனோட அப்பா அத்தானுக்குப் போன் போட்டாரு. அத்தான் எதையோ மாத்தி அமுக்குனதுல ஸ்பீக்கர் ஆனாயிட்டு, எல்லாருக்கும் கேக்குது.

"ஒங்க மேல ரொம்ப மருவாதி வச்சிருந்தேன். யாருய்யா அந்தப் பொம்பள?"

"சம்பந்தி, அது பொம்மை."

"எங்கப்பா காலத்துல நானும் கொடும்பாவி பாத்திருக்கேன். அது தட்டை. தட்டைக்கு நகம் இருக்குமாய்யா? நாங்க யோசிச்சுச் சொல்லுதோம்."

எங்க பக்கத்துல 'யோசிச்சுச் சொல்லுதோம்'னா பொண்ணு வேண்டாம்னு அர்த்தம்.

அக்கா மக என்னைய ஒரு வார்த்தை ஏசல. 'மாமா, ஒம்ம சேனலுக்கு நான் ஒருத்திதான் லைக்கு'ன்னு எந்நேரமும் கிண்டல் பண்ணுத பிள்ளை, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்துச்சு, வாயில வைக்கல. அந்தப் பையனும் போன எடுக்கல.

நான் சும்மா விடுவேனா? இன்னொரு லைவ் போட்டேன். பொம்மைக்கு இருந்த ஒத்தக் கையையும் கழத்திக் காட்டுனேன், திரும்ப மாட்டிக் காட்டுனேன். கீழ ஒருத்தன் எழுதுதான், 'எவ்வளவு வாங்கின?' இன்னொருத்தன், 'பிணத்தை மாத்திட்டாங்க, ஏமாறாதீங்க.' அக்கா மகதான் வாசிச்சுச் சொல்லிச்சு. சொல்லிட்டு போன என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டு.

மறுநாள் டீக்கடையில அண்ணாச்சி மொபட்ட நிறுத்துனாரு. நான் வாயத் தொறக்கல.

"என்னல, இன்னைக்கு வடை சூடா இல்லியா?"

அவரு பக்கத்துல வந்து ஒக்காந்தாரு.

"சரி, பாடி எங்கல?"

"உர மூட்டைக் கொட்டகையில கெடக்கா."

"எரிக்கலியா?"

"திருப்பித் தாரேன்னு சொல்லில்லா வாங்கியாந்தேன்."

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "நீ வாழ்க்கையில காப்பாத்துன ஒரே சொல்லு இதாத்தாம்ல இருக்கும். வண்டியில ஏறு."

நேரா வந்து ஒரு போட்டோ எடுத்துட்டுப் போவாருன்னு பாத்தா, ஊருல ஒவ்வொருத்தர்ட்டயும் போயிக் கேக்காரு. அழுத பொம்பளையள்ட்ட எதுக்கு அழுதியன்னு கேக்காரு. ஜவுளிக்கடைக்குப் போன் போடுதாரு. போலீஸ் ஸ்டேசனுக்குப் போடுதாரு. நறுக்காத என் வீடியோவ மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்தாரு. துபாய்ல இருக்குறவன்கூட இப்படிப் பாத்தது கெடையாது.

"அண்ணாச்சி, தெரிஞ்ச வெசயத்த எதுக்கு இத்தனை பேர்ட்ட கேக்கீய?"

"எனக்குத் தெரியாதுல. நான் அங்கன நின்னு பாக்கல. ஆபீசுல இருந்து முந்தாநாளே போன் வந்துட்டு, பொணத்த இழுத்தாவளாமே, சீக்கிரம் அனுப்புன்னு. போயிப் பாக்காம எழுத மாட்டேன்னுட்டேன். கோவத்துல போன வச்சுட்டாவ." பெறவு அவரே சொன்னாரு: "மழை இல்ல, வெதை போச்சுன்னு நானுந்தான் எழுதி எழுதி அனுப்புனேன். எடம் இல்லன்னாவ. ஒன் வீடியோ ஓடவும் இப்ப மட்டும் எடம் இருக்காம்."

அதுக்குப் பெருமைப்படணுமா வெக்கப்படணுமான்னு எனக்குத் தெரியல. ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுக்கிட்டேன்.

போட்டோவுக்கு அத்தானையும் பொம்மையையும் பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல ஒக்கார வச்சாரு. அத்தான் மாப்ள மாதிரி நெளியுதாரு. வாசல்ல நின்ன எங்க அக்கா சத்தம் போட்டா: "அண்ணாச்சி, அவர ஒரு முழம் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க!"

"ஏட்டி, இது பொம்மை!"

"உடுத்தியிருக்கது எஞ் சேலை!"

சம்பந்தி போன் வந்ததுக்குப் பெறவு அன்னைக்குத்தான் அக்கா மக சிரிச்சிச்சு.

மறுநாள் விடியக்காலம் அந்தச் செய்தியோட பேப்பர் வந்ததும் அண்ணாச்சி எங்கூருக் கட்ட என் மடியில போட்டாரு. "வீட்டுக்கு வீடு நீ போட்டுரு. நான் குளத்தூருக்கு ஒண்ணக் கொண்டுபோயி ஒங்க சம்பந்தி கையில குடுத்துட்டு வாரேன்." கெளம்பிட்டாரு. மொபட்ல குளத்தூரு கொஞ்ச தூரமா? அன்னைக்கு எங்கூருக்குப் பேப்பர் போட்டவன் நான்தான். ஒருத்தி வீட்டுக் கஞ்சிப் பானைக்குள்ள போட்டுட்டேன், அது வேற கதை.

வெயில் ஏறவும் சம்பந்தி போன் வந்துட்டு. பேச முடியாமச் சிரிக்காரு. "ஏய்யா, பொம்மைன்னு முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே சம்பந்தி."

"போன்ல சொன்னா யாருய்யா நம்புவா? பேப்பர்ல போட்டிருக்கான் பாரும்."

அந்த வாரமே மழையும் பிடிச்சிச்சு. அண்ணாச்சி காத்தழுத்தத் தாழ்வுங்காரு. நான் பொம்மையோட கைராசிங்கேன். அதுலருந்து விட்டு விட்டுப் பெய்யுது, கல்யாண நாளும் அதுவுமா இன்னைக்கும் ஊத்துது. அந்தப் பேப்பர்ல எம்பேரும் வந்துச்சு தெரியுமா? பெரிய எழுத்துல, மேலயே... சரி, பொய். படத்துக்குக் கீழ, அண்ணாச்சி என்ன போட்டிருந்தாருன்னா...

"ஏலே மச்சான்! எங்கல கெடக்க? மாப்ள வீட்டு வேன் கரிசல்ல எறங்கிட்டு, டயரே தெரியல!"

"இந்தா அத்தான், ஒரே ஒரு வெசயத்த மட்டும்..."

"வெசயம் கெடக்கட்டும்! பேப்பர் அண்ணாச்சி வேட்டிய மடிச்சுக் கட்டித் தள்ளிக்கிட்டு நிக்காவ, சம்பந்தி முழங்கால் வரைக்கும் சகதியில நிக்காரு. முகூர்த்தம் போயிரும், ஓடியாலே!"

"மாமா!" உள்ள இருந்து அக்கா மக. "லைவ் மட்டும் போட்ராதீரும்!"

"போடலட்டி, தள்ளத்தான் போறேன். படத்துக்குக் கீழ..."

"ஏலேய்!"

வாரேன், வாரேன்.