பில்நாம் எடுத்த பத்துப் படங்கள்

அடுத்ததாவது பையனாய்ப் பிறக்கட்டும் என்று நாலாவது பெண்ணுக்கு வைத்த பெயர் பில்நாம். பையனும் பிறந்தான். அதோடு சரி, வீட்டில் அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது வயது ஐம்பத்தெட்டு, கொரியாவின் குவாங்ஜு நகரச் சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்கிறாள். கடையிலும் அவளை யாரும் கொண்டாடிவிடவில்லை. ஆனால் சந்தைக்காரர்களின் மலையேற்றச் சங்கத்தில் மட்டும் அவள் ராணி. எல்லாம் அந்தச் செல்போன் செய்த வேலை.

மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து மலைக்குப் போகிற சங்கம் அது. நவம்பர் என்றால் நேஜாங் மலை, மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கிற வாரம். பதினோரு வருஷமாக எல்லோரையும் அந்த மரங்களுக்கு அடியில் நிறுத்திப் படம் எடுத்தவள் பில்நாம்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. போனை இடுப்பளவுக்கு இறக்கி, நிற்பவர் பாதம் படத்தின் அடிவிளிம்பில் வருகிற மாதிரி பிடித்தால் குட்டைக்கால்காரிகூட நெட்டையாகிவிடுவாள். வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் வேறு யாருக்கும் வரவில்லையே! சங்கத்தில் அவளைத் தவிரப் பதினேழு பேர். சங்கத்தின் அரட்டைக் குழுவில் பதினேழு பேரின் முகப்புப் படமும் அவள் எடுத்தது. காலையில் கடை திறக்குமுன் அந்தப் பதினேழையும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மிளகாய்த்தூள் டப்பாவைத் தொடுவாள்.

இதில் மண்ணை அள்ளிப் போட வந்தாள் கும்சில். தையல்கடைக்காரி, மூன்று வயது இளையவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சங்கத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்காது, சங்கத் தலைவர் பியோங்தாலை நிறுத்தி, உதிர்ந்த இலைகளைக் கை நிறைய அள்ளித் தலைக்குமேல் வீசச் சொல்லி, அவை விழுவதற்குள் ஒரு கிளிக். மனுஷன் பத்து வயது குறைந்து போனார். மறுநாளே முகப்புப் படம் மாறியது. அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர். நன்றி கெட்ட ஜனங்கள்! பில்நாம் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழு பதின்மூன்றாகி, எட்டாகி, இரண்டாண்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்று அவள் புருஷன் மான்சூ.

இந்த வருஷம் நேஜாங் மலைக்குப் போகிற பஸ்ஸில், அவித்த முட்டையை உரித்துக்கொண்டே அவள் போனில் முகப்புப் படங்களைத் தள்ளினாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, இது என்ன புது டிபி?"

"கும்சில் அனுப்புச்சா. நல்லா இருக்குல்ல? இதுல தொந்தியே தெரியல பாரு."

"நான் எடுத்ததுல மட்டும் தெரிஞ்சுதா? பதினோரு வருஷமா உள்ள இழுங்க, உள்ள இழுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினது யாரு?"

"அதைத்தான் சொல்றேன். அவ கத்தாமலே எடுக்கறா."

பில்நாம் உரித்த முட்டையை அவரிடம் கொடுக்காமல் தானே தின்றாள்.

மலையில் அதைவிடக் கேவலம். மேப்பிள் வரிசைக்கு வந்ததும் எல்லோரும் கும்சில் முன்னால் போய் நின்றுகொண்டார்கள். பில்நாமும் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பில்நாம், கொஞ்சம் தள்ளிக்கோம்மா," என்றார் தலைவர். "உன் நிழல் விழுது."

தள்ளிக்கொண்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

திரும்பும் நேரத்தில் கும்சிலே அவளிடம் ஓடி வந்தாள். "அக்கா, என்னை ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?" என்று தன் போனை நீட்டினாள்.

பில்நாம் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கும்சிலைக் கண் கூசும்படி வெயிலைப் பார்த்து நிற்க வைத்தாள். போனைத் தன் தலைக்குமேல் தூக்கி, கீழ்நோக்கிச் சாய்த்தாள். அந்த மரத்திலேயே நன்றாகச் சிவந்திருந்த கிளையைக் கவனமாகப் படத்துக்கு வெளியே விட்டாள். "சிரிடி! ஆஹா, அழகா இருக்கு!" என்று சொல்லிச் சொல்லி ஒன்றல்ல, பத்துப் படம் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. கும்சிலும் வஞ்சனையில்லாமல் பத்துக்கும் சிரித்தாள்.

மறுநாள் காலை கும்சிலின் முகப்புப் படம் மாறியிருந்தது. பூசணிக்காய்த் தலை, அதற்குக் கீழே முள்ளங்கி மாதிரி இரண்டு கால், சுற்றிலும் வெறும் மண். போதாததற்குச் சங்கக் குழுவிலும் போட்டிருந்தாள், 'எடுத்தது நம்ம பில்நாம் அக்கா, ரொம்ப நன்றி' என்று. கீழே தலைவர் எழுதியிருந்தார்: 'பில்நாம், கண்ணைக் காட்டி ஒரு கண்ணாடி வாங்கிக்கோம்மா.' பன்னிரண்டு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். மான்சூவும் அதில் ஒருவர்.

பதினோரு வருஷப் பெயர்! உடனே போனில் கும்சிலைக் கூப்பிட்டாள்.

"அந்தப் படத்தை எடுத்துடு கும்சில்."

"ஏங்க்கா?"

"நல்லா வரல. வெயில் என் கண்ணுல அடிச்சுது, ஒண்ணும் தெரியல."

மறுமுனையில் தையல் மிஷின் நின்றது. "வெயில் உங்க முதுகுப் பக்கம்ல இருந்துச்சு?"

கும்சிலே மேலே பேசினாள்.

"நானும் படம் எடுக்கறவதானேக்கா. நீங்க போனைத் தூக்கும்போதே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமாடி சிரிச்சே?"

"பின்ன? ரெண்டு வருஷமா உங்ககூட வர்றேன். ஒருத்தராவது என்னை நிக்க வெச்சு ஒரு படம் எடுத்திருப்பாங்களா? எனக்கு எடு, எனக்கு எடு, இதே பாட்டுதான். நீங்க ஒருத்தர்தான் பத்து எடுத்தீங்க."

"அதுக்கு என் பேரையும் போட்டு மானத்தை வாங்கணுமா?"

"அது..." கும்சில் சிரித்துவிட்டாள். "அது கொஞ்சம் வேணும்னேதான் போட்டேன்."

பில்நாம் போனை வைத்துவிட்டாள். இவளைத் திட்ட நல்ல வசவாக ஒன்று கிடைக்குமா என்று பார்த்தாள், கிடைக்கவில்லை. கடையைத் திறக்காமல் ஷட்டருக்கு வெளியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் போனிலிருந்த பதினோரு இலையுதிர் காலத்தையும் ஒன்றுவிடாமல் தள்ளிக்கொண்டே போனாள். ஆயிரத்துச் சொச்சம் படம். அவள் ஒன்றில்கூட இல்லை.