பரோட்டாக் கல்லில் ஜரீனா

ஆண்கள் பரோட்டா மாவை வீசும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பாதி மாவு, மீதி பவுசு. தலைக்கு மேல் ஒரு சுழற்று சுழற்றி, மேசையில் சடாரென்று அடித்து, நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் வேறு பார்த்துக்கொள்வார்கள். எங்கள் தெரு ஜரீனா வீச மாட்டாள். எண்ணெயில் ஊறிய உருண்டையை மேசையில் வைத்து விரல்களால் நாலு பக்கமும் இழுப்பாள். இழுத்து முடிக்கும்போது மாவுக்கு அடியில் மேசையின் கறை தெரியும். பிறகு அதைச் சேலைக் கொசுவம் போல மடித்துச் சுருட்டி வைப்பாள். வீசாமல் போட்டால் அது பரோட்டாவே இல்லை என்று எங்கள் தெரு ஆண்கள் சட்டம் பேசினார்கள். வீசுகிறதைத் தின்கிறீர்களா, பரோட்டாவைத் தின்கிறீர்களா என்று நான் கேட்டேன். என் பெயர் கல்பனா. அவள் கடைக்கு நேர் எதிரே நைட்டி தைக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ராஜபாளையத்தில் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. ஒரு ஷேர் ஆட்டோ உள்ளே நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். காலையில் இட்லி ஆவி, மத்தியானம் கருவாடு, சாயங்காலம் ஆறு மணி ஆனால் சால்னா. மில் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் அந்த வாசனைக்கே வழி மாறி எங்கள் தெருவுக்குள் திரும்புவார்கள்.

அந்தச் சால்னா என்றைக்குமே ஜரீனா வைத்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து பிச்சை முகம்மதுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடையின் உள்ளே, சன்னல் இல்லாத அடுப்படியில் அவள் மாவு பிசைவாள், மசாலா அரைப்பாள், சால்னா கொதிக்க வைப்பாள். முன்னால் கல்லில் நின்று பிச்சை பாய் வீசுவார். பேர் எல்லாம் அவருக்கு. போன வருஷம் மழை நாளில் அய்யனார் கோவில் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்து அவர் தோள் எலும்பு போயிற்று. கை இனிமேல் தோளுக்கு மேல் ஏறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நவாஸ் என்று ஒரு மாஸ்டரைச் சம்பளத்துக்குப் பிடித்தார்கள். அவன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனவன்தான், போனையும் அணைத்துவிட்டான்.

"பொறவு என்ன? நான் போடுதேன்" என்றாள் ஜரீனா.

முதல் நாள் அவள் போட்டதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பாள். கையால் இழுக்கத் தோதாக, எப்போதும் பிசைகிற மாவை இன்னும் நயமாக்குகிறேன் என்று இடியாப்பத்துக்கு ஊற்றுவதுபோல வெந்நீர் ஊற்றிவிட்டாள். பரோட்டா ஓடு மாதிரி வந்தது. "ராஜபாளையத்து நாயிகூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு மாஸ்டர்" என்றார் பிச்சை பாய், கல்லாவில் உட்கார்ந்தபடி. அன்றிலிருந்து வீட்டிலும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். கேலியாக ஆரம்பித்தது, போகப் போகக் கேலி கழன்றுவிட்டது. பெருமையில் அந்த மனுஷன் கண் கலங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

கை பழகியதும் வந்தது பாருங்கள் பேச்சு. பொம்பளை தெருவைப் பார்த்து நிற்கலாமா? வியர்வையோடு நிற்கலாமா? அவளைச் சுற்றி ஆம்பளைகள் நின்று தின்னலாமா? தின்றுகொண்டே கேட்டார்கள் சண்டாளர்கள்! இதில் பெரிய ஆள் சீனிச்சாமி. ரிட்டையர்ட் ஏட்டு, கடை இருக்கிற கட்டடம் அவருடையது, தெரு மாரியம்மன் கோவில் கமிட்டியிலும் அவர்தான் முன்வரிசை. தொப்பி போய் வருஷங்கள் ஆகியும் லத்தி பிடித்த கை இன்னும் பின்னால் கட்டியே இருக்கும். நோன்புப் பெருநாள் முடிந்து கடை திறந்த வாரம் வந்து நின்றார்.

"ஏம்மா ஜரீனா, பூக்குழி வருது. ஊரெல்லாம் நம்ம தெருவுக்கு வருவாக. என் சம்பந்தகாரவுக வத்திராயிருப்புல இருந்து வாராக. முன்னால பொம்பள நின்னா நல்லாவா இருக்கு? நீ பழையபடி உள்ள போ. கல்லுல ஒரு ஆம்பளைய நிறுத்து."

"ஆம்பளைக்கு எங்க போவேன் ஏட்டையா? இருக்கவரு தோளு ஒடிஞ்சு உக்காந்திருக்காரே."

"சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளைம்பாக."

"சாண் பிள்ளைய நிறுத்துனா கல்லு எட்டாதுல்லா?"

நான் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. முகம் சிவந்து, பூக்குழி அன்றைக்குக் கல்லில் ஓர் ஆண் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். ஆள் இல்லை என்ற சாக்கும் வேண்டாம், பாண்டிச்செல்வத்தை நானே வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். பாண்டிச்செல்வம் கடைவீதியில் பெரிய பரோட்டாக் கடை மாஸ்டர். அவன் வீசினால் மாவு கூரையைத் தொட்டுவிட்டு வரும்.

அவர் போன பிறகு நான் எதிர்ப்பக்கம் போனேன். ஜரீனா தோசைத் திருப்பியால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை.

"இந்தக் கட வாசல விட்டா வேற எங்கயும் யாவாரம் ஓடாது கல்பனா. தெரியும். உள்ள போயிட்டா அவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா நான் போவ மாட்டேன். இம்புட்டு வருசமா அந்தப் பொகைக்குள்ள நின்னு இருமுனேன். அப்ப எவனுக்கும் மானம் போகல. முன்னால வந்து செத்த காத்து வாங்குனா மானம் போயிருதாக்கும்? காலி பண்ணச் சொன்னா பண்ணட்டும். கல்லுல நின்னுக்கிட்டேதான் போவேன்."

"உள்ள போயிரு மாஸ்டர்னு நான் சொல்ல மாட்டேன். பொழப்பு போனாலும் பாத்துக்கிடலாம்" என்றார் பிச்சை பாய்.

இனிமேல் நடந்ததைச் சொல்ல எங்கள் தெருப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்கித் தீ மிதிக்கிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்புக் கட்டியவர் கவிச்சி தொட மாட்டார். கவிச்சி புழங்குகிற கடையிலும் கால் வைக்க மாட்டார். அவர் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, கடுகு வெடிக்காது. கூழும் கஞ்சியும்தான். வெளியில் வாங்கிய பண்டத்தையும் அந்த வாசலுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஜரீனா கடையிலும் அந்த நாட்களில் கறி கிடையாது; பச்சைப் பட்டாணிச் சால்னாதான். பிச்சை பாயின் வாப்பா காலத்திலிருந்து அப்படி. யாரும் சொல்லிச் செய்வதில்லை.

பூக்குழி அன்றைக்குச் சாயங்காலம் கோவில் வாசலில் நான் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறேன். சீனிச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஈர வேட்டியும் வேப்பிலையுமாக வரிசையில் நின்ற ஒருவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பாண்டிச்செல்வம்!

"ஏலே, உன்னைய ஜரீனா கடைக்கு வரச் சொன்னேன்ல?"

அவன் காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினான். "நானும் சரின்னுட்டேன் ஏட்டையா, அது பூக்குழி அன்னைக்குன்னு அப்ப எனக்கும் மண்டையில ஓடல. காப்புக் கட்டுன அன்னைக்கு மஞ்சத் துணிய என் கையில குடுத்ததே நீங்கதான? கங்குல எறங்கப் போறவன கல்லுக்குக் கூப்புடுதீகளே!"

வரிசையே சிரித்தது. அவன் மட்டுமா? இந்த வருஷம் சுற்றுவட்டாரத்து மாஸ்டர்கள் முக்கால்வாசிப் பேர் ஒரே செட்டாகக் காப்புக் கட்டியிருந்தார்கள். கடைவீதியில் கல் சூடேறின கடை ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் துணி எடுத்துக் கொடுத்த மனுஷனுக்கு அது மட்டும் மண்டையில் ஏறவில்லை. அம்மன் சிரித்திருப்பாள், சத்தியமாக.

பூ இறங்கி முடிந்து கூட்டம் கலைந்தது. பசித்த கூட்டம். நான் ஓடி வந்து பார்த்தால் ஜரீனா கடை முன்னால் தலைகள்தான் தெரிகின்றன. அவள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்லில் நிற்கிறாள். இழுக்கிறாள், மடிக்கிறாள், சுடுகிறாள், சுட்டதை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கிறாள். பிச்சை பாய் நல்ல கையால் இலை போடுகிறார். நான் நைட்டித் துணியை மூட்டை கட்டிப் போட்டுவிட்டுச் சால்னா வாளியைத் தூக்கினேன்.

அப்போதுதான் சீனிச்சாமி என் முதுகுக்குப் பின்னால் மெல்லக் கனைத்தார். அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிச் சம்பந்தகாரர்கள் நிற்கிறார்கள். அவர் மகள் கார்த்திகாவைக் கொடுக்கப் போகிற வீடு. மாப்பிள்ளையின் அம்மா பாலம்மாள், பசியில் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார். சீனிச்சாமி வீட்டில் கூழ்தான் இருந்ததாம். அவர் மனைவி வெள்ளத்தாயும் பூக்குழி இறங்கியவள். காப்பு இன்னும் அவிழ்க்கவில்லை. விருந்தாளிக்கு ஒரு பொரியலாவது வை என்று இவர் கேட்டிருக்கிறார். "காப்பு இருக்க வீட்டுல சட்டி ஏத்தச் சொல்றீகளோ? கங்குல எறங்குனது நானா, நீங்களா?" என்று விரட்டிவிட்டாள்.

"கல்பனா, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லி, உள்ள ஒரு பெஞ்சப் போடச் சொல்லேன்" என்றார் சீனிச்சாமி. உள்ளே உட்கார்ந்தால் கல்லில் நிற்பது யார் என்று சம்பந்திகளுக்குத் தெரியாது; மனுஷன் கணக்கு அதுதான்.

"என்கிட்ட என்னத்துக்கு? மாஸ்டர்கிட்ட கேளுங்க" என்றேன்.

கேட்டார். ஜரீனா கையை நிறுத்தவில்லை.

"உள்ள பொகை ஏட்டையா. எனக்குப் பழக்கம், அவுகளுக்கு ஒத்துக்கிடாது. கூட்டிட்டு வாங்க, முன்னால உக்காரட்டும். காத்து வரும்."

வேறு வழி? தெருவில் போட்டிருந்த பெஞ்சில், கல்லுக்கு நேர் எதிரே, சம்பந்திகளோடு சீனிச்சாமியும் உட்கார்ந்தார். சூட்டோடு இலையில் பரோட்டா விழுந்தது. நான் சால்னாவை ஊற்றினேன். பாலம்மாள் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டதும் விசிறுவதை நிறுத்தினார். இரண்டாவது பரோட்டா பாதியில்தான் நிமிர்ந்தார்.

"அடி ஆத்தி! எங்கூரு பரோட்டாவ மாடுதான் மெல்லணும். இது பஞ்சால்ல இருக்கு. இந்தப் பிள்ள சுடுது, சரி. மாஸ்டரு யாரு சம்பந்தி?"

சீனிச்சாமி இலை போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். பிச்சை பாய் தன் ஒடிந்த கையை அது போகிற மட்டுக்கும் தூக்கினார். "என்னையப் பாக்காதீய. இது சோத்துக்கே ஏற மாட்டேங்குது" என்றார்.

சீனிச்சாமி இலையைப் பார்த்து, "இந்தப் பிள்ளதான்" என்று முனகினார்.

ஜரீனா அடுக்கிய பரோட்டாக்களை டப்டப்பென்று அடித்தாள். "கல்லுச் சத்தத்துல கேக்கல ஏட்டையா. செத்த சத்தமா."

தெருவே தின்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. பாலம்மாளும் பார்த்தார். சொல்லாமல் எழுந்து போனால் வாய்க்குள் போனதற்கு நன்றி இல்லாதவர் ஆகிவிடுவார், அதுவும் சம்பந்தி முன்னால். இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இவுகதான் மாஸ்டர்!"

இவுக! 'பிள்ள' போய் மரியாதை வந்துவிட்டது, அந்த வாயிலிருந்து! எனக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குலவை போடலாம் போல இருந்தது. போட்டேன். கோவிலில் போட்டதைவிடச் சத்தமாகவே போட்டேன்.

ஜரீனா திருப்பியைக் கல்லில் வைத்தாள். முகமெல்லாம் வியர்வை. துடைக்கவில்லை.

"அப்ப நாளைக்கு, ஏட்டையா? இங்ஙன யாரு நிக்கணும்?"

"இதென்னட்டி கேள்வி, மாஸ்டருதான் நிக்கணும். எனக்கு இன்னொண்ணு போடு தாயி" என்றார் பாலம்மாள். ஒன்றும் தெரியாத பாவி மனுஷி.

சீனிச்சாமி கையில் இருந்த பிய்த்த பரோட்டாவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"நில்லு" என்றார்.

"நின்னுக்கிட்டுத்தான ஏட்டையா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஜரீனா அடுத்த உருண்டையை எடுத்து இழுக்கத் தொடங்கினாள்.