வெயிலில் இறுகாத சரிவு

நீங்கள் பொய் சொல்கிறீர்கள். என் தம்பி பேச்சு கேட்காமல் பனிச்சரிவில் இறங்கவில்லை. நீங்கள்தான் அவனை இறக்கினீர்கள். நெய்வேலி டவுன்ஷிப் மலையேற்றக் குழுவுக்கு நீங்கள் தலைவர், சுரங்கத்தில் மண்மேடுகளைக் கவனிக்கும் அதிகாரி. அவன் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பழியை அவன் தலையில் கட்டுவது உங்களுக்குச் சுலபம்.

காஷ்மீரில் பனிச்சறுக்குப் பயிற்சி முடித்து, ஆளில்லாத மலைப் பக்கம் குழு போன அன்று நானும் இருந்தேன். முந்தின நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. இறங்கும் முன் குழி தோண்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தம்பி தோண்டினான். மேலே பலகை போல் கெட்டிப் பனி. அடியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும் பனி. அள்ளிக் காட்டினான்.

"சார், நெல்லிக்குப்பம் சர்க்கரையாட்டம் கொட்டுதுங்க. மேல இருக்கறது அப்படியே வழுக்கிகினு வந்துடுங்க."

"சர்க்கரையா? அப்ப ஒரு டீ போடுப்பா," என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் குழியின் ஓரத்துப் பனிக்குப் பின்னால் மண்வெட்டியைச் செருகி மெதுவாக இழுத்தான். மேல்கட்டி முழுசாகக் கழன்று வந்தது. சிரிப்பு நின்றது.

"திரும்பிடலாங்க."

நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். "வெயில் வந்துடுச்சி இல்ல. மைன்ஸ்ல மழை வுட்டு வெயில் அடிச்சா மேடு இறுகிடும். இதுவும் அப்படித்தான். மதியம் எறங்கலாம். நீ மொதல்ல போ."

மண் வெயிலில் இறுகும். பனி வெயிலில் இளகும். பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் நெய்வேலிக்காரர்கள். அவர்கள் புத்தியில் மண்மேடுதான் இருந்தது. தலையாட்டினார்கள்.

மதியம் அவன் இறங்கினான். அவனுக்கு மேலே பனியில் குறுக்காக ஒரு விரிசல் கோடு விழுந்தது. சரிவு மொத்தமாக நகர்ந்து அவனை இழுத்துக்கொண்டு போனது. கழுத்துவரை புதைந்தவனைத் தோண்டி எடுத்தோம். ஒரு முழங்கால் திருகிப் போயிருந்தது.

ஊர் திரும்பியதும் குழுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "சொன்ன பேச்சு கேக்காம எறங்கிட்டாப்ல" என்றீர்கள். இப்போது கால் தேறிவிட்டது. வேலைக்குப் போனால், "பேச்சு கேக்காத ஆள மைன்ஸ்ல எறக்க முடியாதுப்பா" என்று கான்ட்ராக்டர் திருப்பி அனுப்புகிறார். உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து கேட்டேன். "வுடும்மா, தனியா பேசிக்கலாம்" என்றீர்கள்.

தனியாகப் பேச என்னிடம் எதுவும் இல்லை. அவன் பெயரைக் கூட்டத்தில் கெடுத்தீர்கள். அடுத்த கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், அந்தக் கான்ட்ராக்டரையும் வரவழைத்துச் சொல்லுங்கள்: அவனை முதலில் இறங்கச் சொன்னது யார்?