பாதி டேங்க் என்று சொன்ன முள்

தூத்துக்குடியில் விசைப்படகு ஓட்டுகிறேன். கடலுக்குப் போகும் முன் டீசல் டேங்க்கில் குச்சி விட்டு அளவு பார்ப்பது எங்கள் வழக்கம். மீட்டர் முள்ளை எவனும் நம்பமாட்டான்.

எங்கள் முதலாளியின் மருமகனிடம் இரண்டு பேர் போகும் சொந்த விமானம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அதே பெருமைதான். ஒருநாள் என்னையும் ஏறச் சொன்னார்.

"குச்சி விட்டுப் பாக்கலியா சார்?" என்று கேட்டேன்.

"இது என்ன மீன்பிடி வள்ளமா?" என்று சிரித்தார். முள் பாதி டேங்க் காட்டியது. அவமானத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

உப்பளங்களுக்கு மேலே வந்தபோது என்ஜின் நின்றுவிட்டது. முள் அப்போதும் பாதியில்தான் இருந்தது. காய்ந்த பாத்தியில் இறங்கி, வரப்பை உடைத்து, அடுத்த பாத்தியின் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றோம். இருவருக்கும் சிராய்ப்போடு போயிற்று.

உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு?"

"எண்ணெய் தீந்துட்டுக்கா."

"பாக்காமலா மேல ஏறுனிய?"

மருமகன் தன் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தபடி, "மீட்டர் கோளாறு" என்றார்.

அவராவது தெரியாத மடையர். தெரிந்தும் பேசாமல் ஏறிய நான் அவரைவிடப் பெரிய மடையன். இப்போதெல்லாம் யார் வண்டியானாலும், அளவு பார்க்காமல் கிளப்பினால் இறங்கிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைத் தரையில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.