வெள்ளைப் பூனையின் இடது காது

எங்கள் பூனை முழு வெள்ளை. பிச்சாட்டூர் வீட்டு மொட்டைமாடியில் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும். அதன் இடது காது நுனியில் ஒரு பொருக்குத் தட்டியபோது, ஏதோ கடுவன் பூனையோடு சண்டை போட்டிருக்கும் என்று நினைத்து மஞ்சள் குழைத்துப் பூசினோம். பொருக்கு உதிரும், ரத்தம் கசியும், மறுபடி தட்டும். ஆறேழு மாதத்தில் பாதிக் காது அழுகிவிட்டது. தலையை உதறினால் சீழ் சுவரில் தெறிக்கும். ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உதறியது. ஒரு சொட்டு என் ரசம் சாதத்தில் விழுந்தது.

மனைவி நகரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பூனையை அரிசிச் சாக்கில் போட்டு, ஸ்கூட்டரில் வைத்து, எங்கள் ஊர் அணையின் கரைக்கு எடுத்துப்போனேன். அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் எண்ணம். சாக்கை அவிழ்த்தேன். ஓடவில்லை. வெளியே வந்து, நாறும் அந்தக் காதை என் கணுக்காலில் அழுத்தித் தேய்த்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே புழு நெளிந்தது. கரையிலேயே வாந்தி எடுத்தேன்.

இரக்கப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். உயிரோடு அழுகட்டும் என்று விட்டுப்போக வந்த ஆள் நான். பூனையைவிட அந்த ஆள்தான் அதிகம் நாறினான். சாக்கைத் திரும்பக் கட்டி, நேராகத் திருப்பதிக்கு வண்டியை விட்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முகம் சுளிக்கவேயில்லை.

"இது சண்டைப் புண்ணு இல்ல சார், கேன்சர். வெள்ளைப் பூனைங்களுக்கு வெயில் பட்டுப் பட்டு காதுல வரும். இத்தினி நாளா என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"மஞ்சா பூசிக்கினு இருந்தோம் மேடம்."

"மொதல்லயே வந்திருந்தா நுனிய மட்டும் எடுத்திருப்பேன். இப்ப காது முழுக்கப் போவணும்."

புண் கொஞ்சம் அடங்கியதும் காதை அடியோடு வெட்டினார்கள். வெட்டிய சதையைச் சோதித்ததில், ஓரங்களில் நோய் இல்லை என்று முடிவு வந்தது. இனி வெயிலில் விடக் கூடாது என்றார் டாக்டரம்மா. ஒற்றைக் காதோடு இப்போது வீட்டுக்குள்ளேயே வளைய வருகிறது.

வருகிறவர்களிடமெல்லாம் மனைவி சொல்கிறாள்: "நான் ஊர்ல இல்லாதப்ப இவரே தனியா தூக்கிக்கினு போயி காப்பாத்தினாரு."

நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். அன்று அணைக்கரையில் வாந்தி எடுக்குமுன் ஊறியதுபோல வாயில் எச்சில் ஊறுகிறது. விழுங்க முடியாமல் வெளியே போய்த் துப்பிவிட்டு வருகிறேன்.