காயாத களிசான்

மாத்தளையில் அந்தச் சந்துக்குள் போய் மழையையே முந்துகிற ஆள் யாரென்று கேட்டால், மாரியாயி வீட்டைத்தான் காட்டுவார்கள். முதல் தூறல் மண்ணில் விழுமுன் கொடியில் கிடக்கிறதெல்லாம் அவள் தோளுக்கு வந்துவிடும். கொடியின் ஒரு தலை அவளுடைய ஜம்பு மரத்தில், மறு தலை பக்கத்து வீட்டு றமீஸாவின் மதிலில். மழையை யார் முதலில் கண்டாலும் இரண்டு வீட்டுத் துணியையும் அள்ள வேண்டும். அது அவர்களுக்குள் சட்டம்.

அப்பேர்ப்பட்டவள், அம்மன் தேருக்கு முந்தின நாள், வானம் கறுத்து வர, வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொடியில் அவள் அண்ணன் அழகர்சாமியின் களிசான் மட்டும் தொங்கியது.

அவர் பல்லேகமயிலிருந்து, மாற்றுக் காற்சட்டை கூட இல்லாமல், போட்ட களிசானோடு வருவார். சாப்பிடுவார், சாரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்வார், கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுவார். இராத் தங்குவதே கிடையாது. மாரியாயி கல்யாணப் பந்தியில் அவள் புருஷன் விளையாட்டாக, "மச்சான் உக்காந்தா அண்டா தாங்காது" என்று சொல்லிவிட்டார்; அன்றிலிருந்துதான் இப்படி. சொன்னவர் போய்ச் சேர்ந்து வருசங்களாயிற்று; சொல் மட்டும் இன்னும் பந்தியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இந்தத் தடவையாவது அண்ணனோடு நின்று தேர் பார்க்க வேண்டுமென்று மாரியாயிக்கு ஆசை. வாயால் கேட்டால் இருக்க மாட்டார். அதனால் அவர் அயர்ந்த நேரம் பார்த்துக் களிசானைத் தண்ணீரில் முக்கிவிட்டாள். எழுந்தவரிடம், கறி சிந்திவிட்டது என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. பேரிலேயே மாரியை வைத்திருப்பவள், இன்னும் கொட்டு தாயே என்று மனதுக்குள் வேண்டினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் றமீஸா கண்டுவிட்டாள். ஓடிவந்து களிசானை அள்ளினாள். அள்ளினதோடு விட்டாளா? பாவம், மனுசன் ஈரத்தோடு எப்படி பஸ் ஏறுவார் என்று இரக்கப்பட்டு, சூடாக அயன் பண்ணி மொடமொடவென்று ஆக்கி, குடை பிடித்துக் கொண்டுவந்து அழகர்சாமி கையிலேயே கொடுத்தாள்.

"மாரியக்காவுக்குக் கண்ணு மங்கிட்டுப் போல. மழை கொட்டுது, உக்காந்து கீரை ஆயுறாங்க."

அழகர்சாமி களிசானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறி சிந்திய அடையாளம் எங்கேயும் இல்லை. தங்கச்சியைப் பார்த்தார். அவள் ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பஸ் வருகிற நேரம். அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். மழைக்குள் இறங்கிப் போய், களிசானைக் கொடியில் விரித்துப் போட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். றமீஸா குடையோடு வாயைப் பிளந்து நின்றாள்.

"இன்னும் காயல புள்ள," என்றார் தங்கச்சியிடம். "சின்னச் சட்டியில வைக்காத. அண்டாவ ஏத்து."